ஜீனோவும் ஓட்டு மெஷினும்



சென்ற காலாண்டு இதழின் அடியில், தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் தேதிக்குக் கீழே, இரண்டு வரி அறிவிப்பு ஒன்று வந்தது. பலர் பார்க்காமல் தாண்டியிருப்பீர்கள். சமூகக் கூடத்தில் சனிக்கிழமை மாலைகளில் குழந்தைகளுக்குப் போட்டுவந்த விண்வெளித் தொடர் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது என்பதுதான் அது. காரணம் போடவில்லை. காரணம் நான்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். ஒருநாள் பேரனைக் கூட்டிவரக் கூடத்துக்குப் போனவன், அங்கேயே உட்கார்ந்து ஒரு பகுதியை முழுக்கப் பார்த்துவிட்டேன். விண்வெளியில் கப்பல் வெடிக்கிறது, காது அடைக்கிறது. கப்பல்கள் ஈ.சி.ஆரில் லாரியை முந்தும் கார் மாதிரி சாய்ந்து திரும்புகின்றன. உள்ளே இருப்பவர்கள் நம் மொட்டை மாடியில் நடப்பதுபோல நடக்கிறார்கள். கண்ணாடி ஜாடிக்குள் மின்மணியை வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்து, மணி அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கவில்லை, பார்த்தாயா என்று வருஷா வருஷம் செய்துகாட்டிய ஆசாமிக்கு இது பொறுக்குமா? அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஆட்சேபம் சொன்னேன். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கமிட்டியும் நிறுத்திவிட்டது.

நாலு நாள் கழித்து மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்து காலிங் பெல்லை அடித்தாள். ஏழாம் வகுப்பு படிப்பவள். தொடரை நிறுத்தியது நான்தானா என்று கேட்டாள். ஆமாம், அதிலுள்ள அறிவியல் தப்பு என்றேன். அப்படியானால் புஷ்பக விமானத்துக்கு என்ன எரிபொருள் என்று யாராவது கேட்டார்களா தாத்தா என்றாள். பதில் சொல்லாமல் ஒரு பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன். அவள் பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று ராத்திரி என் அலமாரியிலிருந்து எடுத்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. பல வருஷங்களுக்குப் பிறகு மறுபடி படித்தேன். அந்தக் குழந்தைக்குச் சொல்லவேண்டிய பதில் அந்த நாவலில் பாதியும், எழுதியவரின் வாழ்க்கையில் மீதியும் இருப்பதாகத் தோன்றியது. அதனால்தான் இந்த இதழில் தோட்டக் குறிப்பு எழுதவேண்டிய இடத்தை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சுஜாதாவை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கணேஷ்-வசந்த் வழியாகவும் ஷங்கர் படங்களின் வசனம் வழியாகவும் அவரைத் தெரிந்தவர்கள் பலர், அவருடைய பகல் வேலை என்ன என்பதை அவ்வளவாக யோசித்திருக்க மாட்டார்கள். என் கணக்கில் அந்தப் பகல் வேலைதான் முக்கியம்.

1935 மே 3-ஆம் தேதி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். பெயர் ரங்கராஜன். அப்பா மின்சாரத் துறையில் இருந்தவர். ஊர் ஊராக மாற்றல். அதனால் பிள்ளை ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். அந்த ஸ்ரீரங்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை. 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' படித்தவர்களுக்குத் தெரியும், கோபுரத்தின் நிழலில் கிரிக்கெட் ஆடிய பையன் ஒருவன் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கிறான். பள்ளிப் படிப்பு ஸ்ரீரங்கத்தில். பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல். அதன்பின் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். இந்த இரண்டு இடத்திலும் அவர் படித்த காலத்தில் ராமேஸ்வரத்திலிருந்து வந்த இன்னொரு மாணவரும் படித்தார், எம்.ஐ.டி.யில் அவர் எடுத்தது விமானப் பொறியியல். பெயர் அப்துல் கலாம். ஒருவர் ராக்கெட் பக்கம் போனார், மற்றவர் வானொலி அலைகள் பக்கம்.

படித்து முடித்ததும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை. பதினான்கு வருஷம்போல அங்கே. விமானங்கள் வானத்தில் ஒன்றை ஒன்று முட்டாமல் பார்த்துக்கொள்கிற கட்டுப்பாட்டு அதிகாரி வேலை அது. எண்களை ஏறத்தாழச் சொல்லிச் சமாளிக்க முடியாத வேலை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டில்லியிலும் இருந்தார். அங்கே தொடங்கிய 'கணையாழி' பத்திரிகையில் ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்ற பெயரில் கடைசிப் பக்கம் எழுதினார். பலர் அந்த இதழை அந்தப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பித்தார்கள், நானும் அப்படித்தான்.

கதை அவருக்கு அதற்கு முன்பே தொற்றியிருந்தது. 1953-ல், பதினெட்டு வயதில், 'சிவாஜி' என்ற பத்திரிகையில் முதல் கதை. 1962-ல் குமுதத்தில் இடம் கிடைத்தது. அங்கே ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் என்று ஒருவர் பேரும் புகழுமாக இருந்தார். ஒரே பத்திரிகையில் இரண்டு ரங்கராஜன் குழப்பம் என்று இவர் மனைவியின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் பெண் பெயரில் எழுதிய ஆண்கள் பலர். இவ்வளவு முழுசாக அந்தப் பெயராகவே ஆகிப்போனவர் இவர்தான். 1968-ல் 'நைலான் கயிறு' தொடர்கதையாக வந்தபோது தமிழ்நாட்டில் பாதிப்பேர் சுஜாதா ஒரு பெண் என்றே நினைத்திருப்பார்கள்.

அடுத்து பெங்களூரு, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம். ராணுவத்துக்கும் அரசுக்கும் மின்னணுக் கருவிகள் செய்கிற பொதுத்துறை. அங்கே பொது மேலாளர் வரை உயர்ந்து ஓய்வு பெற்றார். அங்கேதான் அவர் வாழ்க்கையில் கதையைவிடக் கதைபோன்ற சமாச்சாரம் நடந்தது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்.

இதில் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வளாக வாட்ஸ்அப்பில் தேர்தல் சமயத்தில் ஒரு செய்தி சுற்றும். ஓட்டு மெஷினைச் சுஜாதா தனியாகக் கண்டுபிடித்தார் என்று. அப்படி இல்லை. 1977-ல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த ஷக்தர் இந்த யோசனையைக் கிளப்பினார். ஹைதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஒரு பக்கம், பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு பக்கம் வேலை செய்தன. வெளித் தோற்றத்தை வடிவமைத்தவர்கள் பம்பாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தினர். பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் வடிவமைப்பையும் உற்பத்தியையும் மேற்பார்வை பார்த்தவர் நம் ரங்கராஜன். அதற்காக வாஸ்விக் விருதும் பெற்றார். தனியாகக் கண்டுபிடித்தார் என்பதைவிட இது சிறியதல்ல. ஒரு பொருளைக் கூட்டமாகச் செய்துமுடிப்பது எத்தனை கஷ்டம் என்பது நம் கமிட்டியில் லிஃப்ட் மாற்றியபோது பார்த்தோமே.

அந்த இயந்திரத்தை நீங்கள் எல்லாரும் தொட்டிருக்கிறீர்கள். நம் ஊர்ப் பெயரிலேயே சாவடி இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு முறை அது வாக்குச்சாவடியாகவும் ஆகிறது. வானூர் தொகுதிக்காரர்களான நாம் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நீலப் பொத்தானை அழுத்துகிறோம். சிவப்பு விளக்கு எரிகிறது, நீளமாக ஒரு கீச்சொலி கேட்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது இதுதான். நீங்கள் அழுத்துகிற பெட்டி ஒன்று, அதிகாரியின் மேஜைமேல் இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று. நடுவில் ஐந்து மீட்டர் கேபிள். அதிகாரி அனுமதி கொடுத்தால்தான் உங்கள் பெட்டி விழிக்கும். முதலில் அழுத்தியது மட்டும் கணக்கு. பிறகு எத்தனை தடவை அமுக்கினாலும் ஊமை. கரண்ட் வேண்டாம், பேட்டரியில் ஓடும். ஒரு பெட்டிக்குப் பதினாறு பெயர். அந்தக்கால இயந்திரத்தில் நாலு பெட்டி சேர்த்தால் அறுபத்து நாலு.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. நிமிஷத்துக்கு ஐந்து ஓட்டுக்குமேல் அது வாங்காது. ஏன்? வாக்குச்சாவடியைக் கைப்பற்றுகிற ரௌடிக் கூட்டம் ஒன்று உள்ளே புகுந்தால், சீட்டு காலத்தில் கட்டுக்கட்டாகக் குத்திப் போட்டுவிட்டுப் போய்விடும். இங்கே அரை மணி நேரம் நின்றாலும் நூற்றைம்பதைத் தாண்ட முடியாது. அதற்குள் போலீஸ் வந்துவிடும். அதற்கும் முன்பே அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தி மூடிவிட்டால் அதுவும் கிடையாது. இதை வடிவமைத்தவர்கள் வெறும் சர்க்யூட் போட்டவர்கள் அல்ல என்பது புரிகிறதா? கதவை உடைத்துக்கொண்டு வருகிற ஒருவனை மனதுக்குள் பார்த்து, அவன் என்ன செய்வான், எவ்வளவு நேரம் எடுப்பான் என்று யோசித்திருக்கிறார்கள். வில்லனை வைத்து யோசிப்பது கதாசிரியன் வேலை.

ஆனால் இயந்திரம் சரியாக வேலை செய்தால் போதுமா? 1982 மே மாதம் கேரளச் சட்டமன்றத் தேர்தலில் பரூர் தொகுதியின் ஐம்பது சாவடிகளில் முதன்முதலாக மெஷின் வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி.ஜோஸ் கோர்ட்டுக்குப் போனார். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1984-ல் அந்த ஐம்பது சாவடிகளிலும் மறுபடி சீட்டுப் போட்டு ஓட்டெடுக்கும்படி தீர்ப்பானது. மறுபடி எடுத்ததில் ஜோஸ் ஜெயித்துவிட்டார். கோர்ட் சொன்ன காரணம், மெஷினால் ஓட்டெடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது. 1988 கடைசியில் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குப் பிறகும் பத்து வருஷம் சந்தேகமும் சர்ச்சையும். 1998-ல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டில்லியில் சில தொகுதிகளில் சோதித்தார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க.

2001-ல் நான் ஒரு கிராமத்துச் சாவடியில் தலைமை அதிகாரி. வாத்தியார்களுக்குத் தப்பிக்க முடியாத வேலை அது. முதல் நாள் ராத்திரி பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வகுப்பறைத் தரையில் படுத்தேன். மறுநாள் காலையில் ஒரு பாட்டி வந்தார். பொத்தானை அழுத்தினார், கீச்சென்றது. நகரமாட்டேன் என்று நின்றுவிட்டார். சீட்டு எங்கே, என் ஓட்டு எங்கே போச்சு என்று கேட்டார். பெட்டிக்குள் இருக்கிறது பாட்டி என்றேன். காட்டு என்றார். சிலிக்கன் சில்லு, நினைவகம் என்று அவரிடம் என்ன சொல்வது? அந்தச் சத்தம் கேட்டதல்லவா, அதுதான் உங்கள் ஓட்டு விழுந்த சத்தம் என்றேன். அதை ஏற்றுக்கொண்டு போனார்.

அன்று நான் சொன்னது அறிவியலா? இல்லை. ஓட்டுக்குச் சத்தம் கிடையாது. அந்தக் கீச்சொலியைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள், மனிதர்கள் நம்புவதற்காக. பிறகு அதுவும் போதாமல்தான், 2013-லிருந்து பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்து, ஏழு விநாடி ஒரு சீட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டுகிறார்கள். பாட்டி கேட்டது கடைசியில் வந்துவிட்டது.

இப்போது கதைக்கு வருகிறேன். பகலில் இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் இருந்துகொண்டு, 1980-களில் ஆனந்த விகடனில் அவர் எழுதியதுதான் 'என் இனிய இயந்திரா'. நடப்பது நாம் ஏற்கெனவே தாண்டிவந்துவிட்ட 2020-களின் தொடக்கத்தில். நாட்டை ஜீவா என்று ஒருவர் ஆள்கிறார். மக்களுக்கு இரண்டெழுத்துக்குமேல் பெயர் கிடையாது. நிலா, சிபி, ரவி, மனோ. எண்ணிப் பாருங்கள், எல்லாம் இரண்டுதான். பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும். நிலாவுக்கு அந்த அனுமதி வருகிறது. சந்தோஷப்படுவதற்குள் கணவன் சிபி காணாமல் போகிறான். வீட்டில் ஓர் அறையைக் கேட்டு வருகிறான் ரவி, கூடவே ஓர் இயந்திர நாய். அதுதான் ஜீனோ. பேசும், படிக்கும், கிண்டல் செய்யும், போகப் போக நிலாவின் பக்கம் நிற்கும். மேலே சொன்னால் படிக்காதவர்கள் என்னைத் திட்டுவீர்கள்.

ஜீனோ எப்படி யோசிக்கிறது? அதற்குக் கதையில் சர்க்யூட் வரைபடம் கிடையாது. 1980-களில் பெங்களூருவில் எத்தனை பெரிய அலமாரி அளவு கம்ப்யூட்டரை வைத்தாலும் அப்படி ஒரு நாயைச் செய்ய முடியாது என்பது எழுதியவருக்கு நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். சோனி நிறுவனம் விளையாட்டுக்கு ஓர் இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டுவந்ததே 1999-ல்தான்; அதுவும் வாலாட்டும், பந்தைத் தள்ளும், அவ்வளவே. ஆக ஜீனோ சுத்தப் பொய். தெரிந்தே சொன்ன பொய்.

அப்புறம் ஏன் அந்தப் பொய்யைப் படிக்கும்போது நமக்குக் கோபம் வரவில்லை? நான் யோசித்து வைத்திருப்பது இது. அந்த ஒரு பொய்யைச் சொன்னபின் அவர் இன்னொரு பொய் சொல்வதில்லை. ஜீனோ ஒரு மெஷின் என்றால் கடைசிவரை மெஷின்தான். திடீரென்று பறக்காது. நெருக்கடி வந்தால் அதற்குத் தோதாக ஒரு புதுச் சக்தி முளைக்காது. அது செய்யக்கூடியது இன்னது, முடியாதது இன்னது என்று ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் நின்று அது திண்டாடுகிறது. அதனால்தான் அதற்கு ஆபத்து வரும்போது நமக்குப் பதறுகிறது. நிலாவின் கவலையோ முழு நிஜம். புருஷனைக் காணோம், போய்க் கேட்டால் அந்தப் பெயரில் ஆளே கிடையாது என்று அலுவலகத்தில் சொன்னால் எப்படி இருக்கும்? பட்டா மாற்றத்துக்கு அலைந்தவர்களுக்கு இது எதிர்காலக் கதையே இல்லை.

பின்னாளில் தூர்தர்ஷனில் இது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. சிவரஞ்சனியும் ஆனந்தும் நடித்தார்கள். கம்ப்யூட்டர் வரைகலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத காலம். தூர்தர்ஷனின் பட்ஜெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்றைய பிள்ளைகள் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள். நாங்கள் உட்கார்ந்து பார்த்தோம். ஆன்டெனாவைத் திருப்ப ஒருவன் மாடியில், தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே. திரையில் எதிர்காலம் எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இப்போது மறந்துவிட்டது; சிபி கிடைத்தானா என்று வாராவாரம் வீட்டில் நடந்த வாக்குவாதம் மறக்கவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1966-ல் அமெரிக்காவில் தொடங்கி, 1980-களில் நம் தூர்தர்ஷனிலும் வந்த 'ஸ்டார் ட்ரெக்' ஞாபகம் இருக்கும். ஆளை ஓர் இடத்தில் மறையவைத்து, கீழே கிரகத்தில் தோன்றவைப்பார்களே? அதற்கு ஏதோ பெரிய இயற்பியல் கொள்கை அடிப்படை என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் பெரிய கப்பல் கிரகத்தில் இறங்குவதைப் படமாக்கக் கட்டுப்படியாகவில்லை. அதனால் பிறந்த உபாயம். ஆனால் அதை வைத்துக்கொண்டபின் அதற்கும் விதி வைத்தார்கள். சிலநேரம் அது வேலை செய்யாது, கீழே போனவர்கள் மாட்டிக்கொள்வார்கள், கதை அங்கே சூடு பிடிக்கும்.

எதிர்ப்பக்கம் ஆர்தர் கிளார்க். 1956-லிருந்து இலங்கையிலேயே வாழ்ந்தவர். அவர் பங்கில் உருவான '2001' படத்தில் (அது சினிமா, தொடர் அல்ல, இருந்தாலும் சொல்கிறேன்) விண்வெளி நிசப்தமாக இருக்கும். என் கண்ணாடி ஜாடிக்கு மரியாதை கொடுத்த மனிதர். 1945-லேயே, பூமிக்கு ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோளை நிறுத்தினால் அது ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும், அதை வைத்து ஒலிபரப்பலாம் என்று எழுதியவர். நம் மொட்டை மாடியில் டிஷ்கள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்துக்கொண்டு நிற்கின்றனவே, அவை பார்ப்பது அந்த உயரத்தைத்தான். ஆக, சரியான அறிவியலை எழுதியவரின் சரக்கு வழியாகத்தான் தப்பான அறிவியல் தொடர்கள் எல்லாம் நம் வீட்டுக்குள் வருகின்றன! சுஜாதா 2008 பிப்ரவரி 27-ஆம் தேதி சென்னையில் காலமானார், வயது 72. மூன்று வாரம் கழித்து, மார்ச் 19-ஆம் தேதி, கிளார்க் கொழும்பில் போனார். இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆனாலும் எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது.

சுஜாதாவின் எல்லா விஞ்ஞானக் கதைகளும் உசத்தி என்று சொல்ல வரவில்லை. கடைசி வரியில் ஒரு திருப்பம் வைத்து முடித்துவிடுகிற சின்னக் கதைகள் பல. ஒரு தடவை படித்தால் தீர்ந்துபோகும். அவர் வசனம் எழுதிப் படம் வருவதற்கு முன்பே காலமாகிவிட்ட 'எந்திரன்' 2010-ல் வந்தது. ரோபோ கொசுவோடு பேசும் இடத்தில் தியேட்டர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அங்கே மெஷினுக்கு எல்லை போய்விட்டது. எதையும் செய்யலாம் என்றால் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா? அதே சமயம் 'திமலா' என்ற சிறுகதையைப் பாருங்கள். எதிர்காலத்துத் திருப்பதிதான் களம். யந்திரம் எல்லாம் மாறியிருக்கும், கும்பிடப் போகிறவர்கள் மனசு அப்படியே இருக்கும். அதில் விஞ்ஞானம் என்று பார்த்தால் ஒரு சிட்டிகை.

சிட்டிகை என்றதும் ஞாபகம் வருகிறது. மரக்காணம் பக்கம் போகும்போது வண்டியை நிறுத்தி உப்பளத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கழியிலிருந்து வந்த தண்ணீரை நேராக உப்பாக்க மாட்டார்கள். ஒரு பாத்தியில் தேக்கி, அடுத்த பாத்திக்கு விட்டு, வெயிலில் கெட்டிப்படுத்தி, கடைசிப் பாத்திக்கு வரும்போதுதான் உப்பு பூக்கும். ஏக்கர் கணக்கில் தண்ணீர் நின்று வற்றினால் மிச்சம் ஒரு வெள்ளைக் குவியல். சுஜாதா ஜூனியர் விகடனில் 'ஏன் எதற்கு எப்படி' என்று வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மூளையைப் பற்றி 'தலைமைச் செயலகம்' எழுதினார், சில்லுகளைப் பற்றி எழுதினார். அறிவியலை மக்களிடம் கொண்டுசேர்த்ததற்காக 1993-ல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் தகவல் பரிமாற்றக் குழு அவருக்கு விருது கொடுத்தது. அந்தக் கட்டுரைகளில் ஒரு எண்கூடத் தப்பாக இருக்கக்கூடாது என்று பார்த்தவர் அவர். அத்தனை தண்ணீரும் அங்கே வற்றியதால்தான் ஜீனோவில் அந்தச் சிட்டிகை சரியாக விழுந்தது. எங்கே பொய் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொள்ள நிஜத்தை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, நான் ஆட்சேபித்த தொடருக்கு வருகிறேன். போன வாரம் பேரனோடு உட்கார்ந்து இரண்டு பகுதிகளை மறுபடி பார்த்தேன். வெடிச் சத்தம் இப்போதும் தப்புதான். ஆனால் அதைச் சகித்துக்கொள்ளலாம். ஓட்டு மெஷினின் கீச்சொலி மாதிரி, கப்பல் போய்விட்டது என்று நமக்குச் சொல்கிற ஒலி அது. என் நிஜமான புகார் வேறு என்று புரிந்தது. முதல் பகுதியில் அந்தக் கப்பலுக்கு எரிபொருள் தீரப்போகிறது என்று பயமுறுத்தினார்கள். மூன்றாவது பகுதியில் அதை மறந்தே போனார்கள். யாரும் கேட்கவில்லை. எரிபொருள் என்று ஒன்றே இல்லாத புஷ்பக விமானத்தில் அந்தக் குறை கிடையாது, ஏனென்றால் அங்கே யாரும் தீர்ந்துபோகும் என்று சொல்லவே இல்லை. மூன்றாம் மாடிக் குழந்தைக்கு என் பதில் இதுதான். கொஞ்சம் தாமதம்.

கமிட்டியிடம் என் ஆட்சேபத்தை எழுத்துமூலமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு, நானும் வந்து உட்கார வேண்டுமாம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பத்து நிமிஷம், எது நிஜம் எது பொய் என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கலாம், நானும் அவர்களிடம் கேட்பேன். மின்மணியும் கண்ணாடி ஜாடியும் பழைய பள்ளியில் இரவல் சொல்லி வைத்திருக்கிறேன். காற்று உறிஞ்சும் பம்ப் பழுது. நம் வளாகத்தில் அதைச் சரிபண்ணத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வரும் மாதம் முதல் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். பெரியவர்களும் வரலாம், நாற்காலி மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: 'என் இனிய இயந்திரா', 'தலைமைச் செயலகம்', 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' மூன்றும் கூடத்து நூலக அலமாரியின் இரண்டாவது தட்டில் வைத்துவிட்டேன். 'மீண்டும் ஜீனோ' அங்கே இருந்ததாகப் பதிவேடு சொல்கிறது, ஆளைக் காணோம். போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள், கையெழுத்து புரியவில்லை. எடுத்தவர் காவலர் அறையில் கொடுத்துவிட்டால் போதும், பெயர் கேட்கமாட்டோம்.